மிக வெளுத்த சருமத்துக்குக் கல்யாண மேக்கப்: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: வணக்கம் அக்கா. எனக்கு வயது 27. பிறந்ததிலிருந்தே அல்பினிசம். தோல், முடி, புருவம், இமை எல்லாமே வெள்ளை. தை மாதம் கல்யாணம். போன வாரம் பக்கத்து டவுனில் ஒரு பார்லரில் டிரையல் பார்த்தோம். "மாப்பிள்ளை மாநிறம், பக்கத்தில் நின்றால் போட்டோவில் ஒட்டாது" என்று சொல்லி, கோதுமை நிறத்தில் ஃபவுண்டேஷன் போட்டார்கள். முகம் ஆரஞ்சு, கழுத்து வெள்ளை. கண்ணாடியில் யாரோ மாதிரி இருந்தேன். வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே கழுவினேன். இன்னொரு இடத்தில் பவுடரும் லிப்ஸ்டிக்கும் மட்டும் போட்டார்கள். அதில் உதடு மட்டும்தான் தெரிந்தது, முகத்தையே காணோம். எனக்கு வெளிச்சம் கூசும், கண் லேசாக ஆடிக்கொண்டே இருக்கும். முடிக்குக் கறுப்பு டை அடித்தே ஆக வேண்டும் என்கிறார் அத்தை. என் முகம் எனக்கு வேண்டும், ஆனால் மணப்பெண்ணாகவும் தெரிய வேண்டும். என்ன செய்யலாம்? தினமும் ஆபீஸ் போகும்போது நானே போட்டுக்கொள்ள எளிதாக ஏதாவது இருந்தால் அதையும் சொல்லுங்கள் அக்கா.
(பெயர் வேண்டாம், விருதுநகர் மாவட்டம்)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

"என் முகம் எனக்கு வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியை அப்படியே மேக்கப் போடுபவரிடம் முதலில் சொல்லிவிடுங்கள். மீதி எல்லாம் அதற்குப் பிறகு வருகிற வேலை.

உங்களுக்கு நடந்த இரண்டு டிரையலிலும் தப்பு ஒரே இடத்தில்தான் இருக்கிறது. இரண்டு பேருமே உங்கள் நிறத்தைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் நிறத்தை மாற்றப் பார்த்தார். இன்னொருவர் "ஏற்கெனவே வெள்ளைதானே" என்று விட்டுவிட்டார். ஒரு முகம் நம் கண்ணில் பதிவதில், புருவம், இமை, உதடு ஆகியவை சுற்றியுள்ள தோலிலிருந்து எவ்வளவு பிரிந்து தெரிகின்றன என்பதற்குப் பெரிய பங்கு உண்டு. தோலுக்கும் முடிக்கும் நிறம் தருகிற மெலனின் உங்களுக்கு மிகக் குறைவு என்பதால் புருவமும் இமையும் தோலோடு கலந்துவிடுகின்றன. முகம் அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் தூரத்திலிருந்து பார்ப்பவருக்கும் கேமராவுக்கும் அதன் கோடுகள் பிடிபடுவதில்லை. ஆகவே தோலின் நிறத்தில் கை வைக்கவே வேண்டாம். புருவம், இமை, உதடு, கன்னம் இந்த நான்கையும் எழுப்பினால் போதும். மேக்கப்பில் உங்களுக்கு ஆகிற நேரத்தில் பாதிக்கு மேல் புருவத்துக்கும் கண்ணுக்கும்தான் போக வேண்டும்.

முதலில் பேஸ். நம் ஊர் பார்லர்களில் ஒரு வழக்கமான வரிசை உண்டு. கண்ணைச் சுற்றியும் வாயைச் சுற்றியும் கருமையை மறைக்க ஆரஞ்சு கரெக்டர் கிரீம், அதன்மேல் மஞ்சள் சாயல் உள்ள ஃபவுண்டேஷன், கடைசியில் பனானா பவுடர் என்கிற மஞ்சள் பவுடர். மாநிறத்துக்கும் கறுப்புத் தோலுக்கும் பழகிய கை அது. அந்த முகங்களுக்கு அது சரியாகவே வரும். உங்களுக்கு அந்த மூன்றுமே ஆகாது. உங்கள் தோலுக்கு அடியில் ரத்தக் குழாய்கள் லேசாகத் தெரிவதால் அது இளஞ்சிவப்புச் சாயல் கொண்டது. அதன்மேல் மஞ்சளும் ஆரஞ்சும் ஏறினால் உடம்பு சரியில்லாதவர் மாதிரிதான் தெரியும். கண்ணுக்குக் கீழே நீலமாகத் தெரிந்தால் மிக வெளிர் பீச் நிறக் கரெக்டர், அதுவும் விரல் நுனியில் ஒட்டுகிற அளவு போதும். மூக்கின் ஓரமும் கன்னமும் ரொம்பச் சிவந்திருந்தால் மட்டும் பச்சைக் கரெக்டரை மிக மெல்லியதாக, சிவந்த இடத்தில் மட்டும் தொட்டுவிடச் சொல்லுங்கள். முழுக்க மூடிவிட வேண்டாம். கன்னத்தில் உள்ள இயல்பான சிவப்பு உங்களிடம் இருக்கிற உயிரோட்டம்.

ஷேடு கிடைப்பதுதான் பெரிய பாடு. கடைகளில் 'ஐவரி', 'போர்சலின்' என்று ஒட்டியிருப்பதும் உங்களுக்கு ஒன்றிரண்டு படி கூடுதலாக இருக்கலாம். 2017-ல் பாடகி ரிஹானா ஃபென்டி பியூட்டியை 40 ஷேடுகளோடு கொண்டுவந்தபோது கறுப்பு நிறப் பெண்கள் அதைக் கொண்டாடியது எல்லோருக்கும் தெரியும். அதே வரிசையின் மறு முனையில் அல்பினிசம் உள்ள பெண்களுக்கும் ஒத்துப்போகிற நிறம் கிடைத்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மேக் (MAC) கம்பெனி ஃபவுண்டேஷன் வாங்குவதாக இருந்தால் என்.சி. என்று தொடங்கும் எண்கள் மஞ்சள் சாயலுக்கு, என்.டபிள்யூ. என்று தொடங்குபவை இளஞ்சிவப்புச் சாயலுக்கு. உங்களுக்கு இரண்டாவதில் ஆகக் குறைந்த எண்ணிலிருந்து பாருங்கள்.

இவ்வளவு செலவு வேண்டாம் என்றால் இன்னொரு வழி இருக்கிறது. எனக்கு அதுதான் பிடிக்கும். கிடைக்கிற ஆக வெளிர் ஃபவுண்டேஷன் ஒன்றும், அதை இன்னும் வெளுக்க வைக்கக் கலக்குகிற வெள்ளை மிக்ஸர் ஒன்றும் வாங்கிக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டிலோ புறங்கையிலோ ஃபவுண்டேஷன் மூன்று சொட்டு, வெள்ளை ஒரு சொட்டு என்று கலக்கத் தொடங்கி, தாடை எலும்பின் ஓரத்தில் கழுத்து வரைக்கும் ஒரு கோடாக இழுத்துப் பாருங்கள். வெள்ளை கூடிப்போனால் சுண்ணாம்பு மாதிரி தெரியும். அப்போது இளஞ்சிவப்பு கிரீம் பிளஷ் ஒரு கடுகளவு சேர்த்தால் உயிர் வந்துவிடும். கோடு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தால் அதுதான் உங்கள் ஷேடு. உடனே முடிவு கட்டாமல் கால் மணி நேரம் காத்திருங்கள். பல ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் அரைப் படி கறுக்கும். அந்த அரைப் படி மாநிறத்தில் தெரியாது, உங்களிடம் பளிச்சென்று தெரிந்துவிடும். டியூப் லைட்டிலோ ரிங் லைட்டிலோ பார்க்காமல் ஜன்னல் பக்கம் போய்ப் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். கிடைத்த அளவை ஒரு தாளில் எழுதி அந்தப் பாட்டிலிலேயே ஒட்டிவிடுங்கள்.

போடும்போது மெல்லியதாக. 'ஹெச்.டி.', 'ஏர்பிரஷ்' என்று பேக்கேஜ் விலை கூட்டிச் சொல்வார்கள். உங்கள் தேவைக்கு அதெல்லாம் அவசியமில்லை. நனைத்துப் பிழிந்த ஸ்பான்ஜில் ஒற்றி ஒற்றிப் போட்ட ஒரு மெல்லிய பூச்சு, மேலே நிறமில்லாத நைஸ் பவுடர் நெற்றி, மூக்கு, தாடையில் மட்டும். முகத்தில் வெள்ளை ரோமம் இருக்கும், பவுடர் அதிகமானால் அதில் தங்கி மாவு பூசியது மாதிரி காட்டும். முதுகுக்கும் கைக்கும் பாடி ஃபவுண்டேஷன் போடலாம் என்றால் மறுத்துவிடுங்கள். முகம் கழுத்தோடு ஒத்துப்போகும்போது அதற்குத் தேவையே இல்லை, பட்டுப் புடவையும் பாழாகாது.

இப்போது புருவம். இதைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. கறுப்புப் பென்சில் கூடவே கூடாது. முதல் பார்வையிலேயே ஒட்டவைத்தது போலத் தெரியும். சாம்பல் கலந்த வெளிர் பழுப்பு, அதாவது 'டோப்' (taupe) என்று விற்கிறார்களே, அதில் தொடங்குங்கள். சிவப்புப் பழுப்பு வேண்டாம், உங்கள் தோலில் துருப் பிடித்த மாதிரி தெரியும். மணமேடை வெளிச்சத்துக்கு இன்னும் ஒரு படி கூட்டலாம், அதற்கு மேல் போக வேண்டாம். பென்சிலால் ஒரே தீற்றலாகப் போடாமல், மெல்லிய முனையுள்ள புருவப் பேனாவால் முடி முடியாக, கீழிருந்து மேலாக இழுக்க வேண்டும். உங்களுக்குப் புருவ முடி இல்லாமல் இல்லை, நிறம்தான் இல்லை. அதனால் கோடு போட்ட பிறகு நிறமுள்ள புருவ ஜெல்லை முதலில் முடி வளர்கிற திசைக்கு எதிராகவும் அப்புறம் அதே திசையிலும் சீவவேண்டும். எதிர்த் திசையில் சீவாவிட்டால் முடியின் அடிப்பக்கம் வெள்ளையாகவே நின்று, பக்கவாட்டில் எடுக்கிற படங்களில் மினுக்கும். திரெடிங் செய்வதாக இருந்தால் மூன்று நாளுக்கு முன்பே செய்துவிடுங்கள். உங்கள் தோலில் சிவப்புத் தணிய நேரமெடுக்கும்.

இமைக்கும் இதே கணக்குதான். மஸ்காராவை எல்லோரும் இமையின் அடியிலிருந்து மேல்நோக்கி இழுப்பார்கள். வெள்ளை இமையில் அப்படி மட்டும் போட்டால் மேல்பக்கம் வெள்ளையாகவே இருக்கும், தாழ்த்திப் பார்க்கும்போது பாதி கறுப்பு பாதி வெள்ளை. கண்ணை மூடச் சொல்லி மேல்பக்கம் ஒரு முறை தடவி, அப்புறம் வழக்கம் போல அடிப்பக்கம் போட வேண்டும். அடர் பழுப்பு நிறம், வாட்டர்புரூஃப். ஹோமப் புகையில் எல்லோருக்குமே கண்ணீர் வரும், கூசுகிற கண்ணுக்குக் கேட்கவே வேண்டாம். பெரிய ஒட்டு இமை வேண்டாம். அதன் நிழல் பார்வைக்குக் குறுக்கே விழும், பார்வை ஏற்கெனவே குறைவாக இருப்பவருக்கு மேடைப் படி ஏறும்போது அது சிரமம். ஓரத்தில் மட்டும் பழுப்பு நிறத்தில் தனித்தனிக் குஞ்சமாக இரண்டு மூன்று ஒட்டினால் போதும். தலைமுடி டையை எடுத்து இமையிலோ புருவத்திலோ போடுகிறேன் என்று யார் சொன்னாலும் சம்மதிக்காதீர்கள். கண்ணுக்குள் போனால் விளைவு பெரிது. கலர் கான்டாக்ட் லென்ஸும் அப்படித்தான். உங்கள் கண் மருத்துவர் சரி என்று சொல்லாமல் வேண்டவே வேண்டாம்.

கண் ஆடுவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஐலைனர் போடுபவர் "கண்ணை ஆட்டாதீங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். அது உங்கள் கையில் இல்லை என்பதை முன்பே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. அல்பினிசம் உள்ள பலருக்கு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் தலையைச் சாய்த்தாலோ பார்வையைத் திருப்பினாலோ ஆட்டம் குறையும். கண் மருத்துவர்கள் அதை 'நல் பாயின்ட்' (null point) என்பார்கள். உங்களுக்கு எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும், பஸ் நம்பர் படிக்கும்போது தலை தானாக அப்படிப் போகும். அந்தக் கோணத்தில் உட்கார்ந்து போட்டுக்கொள்ளுங்கள். திரவ லைனரை விட, பழுப்பு ஐஷேடோவைச் சின்னப் பிரஷ்ஷால் இமையின் வேரோடு ஒற்றி அழுத்துவது நல்லது. கொஞ்சம் கோணினாலும் தெரியாது. இறக்கை மாதிரி நீட்டுகிற லைனரை விட்டுவிடலாம்.

மை வைக்காமல் கல்யாணமா என்று பெரியவர்கள் கேட்பார்கள். கீழ் இமைக்குள் கரிய மை தீட்டினால் உங்கள் கண் சின்னதாகிவிடும், நீலமோ சாம்பலோ கலந்த அந்த விழியின் நிறமும் அமுங்கிப்போகும். மேல் இமையின் உள்விளிம்பில் மட்டும் பழுப்புக் காஜல் வைத்தால் மையும் ஆயிற்று, கண்ணும் திறந்திருக்கும். கண்மேல் ஷேடோவுக்கு மண் நிறம், பிளம், பழைய தங்கம் எல்லாம் நன்றாக வரும். வெள்ளை, வெள்ளி நிறத்தில் மினுங்குபவற்றைத் தவிர்த்துவிடுங்கள், வெளிச்சத்தைத் திருப்பி அடித்து உங்களுக்கே கூசும்.

கன்னத்துக்கு ரோஜா அல்லது மென்மையான பீச் நிறக் கிரீம் பிளஷ். தோலை வெயில் பட்ட நிறமாகக் காட்டும் பிரான்சரும், முகத்தில் நிழல் காட்டப் போடுகிற பழுப்புக் கான்டூரும் உங்கள் தோலில் அழுக்குத் தடம் மாதிரி விழும். அவசியம் வேண்டுமென்றால் சாம்பல் சாயலில் மிக லேசாகத் தாடைக்கு அடியில் மட்டும். உதட்டுக்குத் தைரியமாக நிறம் வையுங்கள். இரண்டாவது டிரையலில் உதடு மட்டும் தெரிந்தது என்றீர்கள். லிப்ஸ்டிக் அதிகமாகவில்லை, கண்ணும் புருவமும் வெறுமையாக இருந்தன. அவை எழுந்துவிட்டால் அதே லிப்ஸ்டிக் இடத்தில் பொருந்தி உட்காரும். அரக்கு, நாவல்பழ நிறம், நீலச் சாயல் உள்ள சிவப்பு, வாடிய ரோஜா இவை உங்களுக்கு. ஆரஞ்சுச் சிவப்பும், 'நியூடு' என்று விற்கிற காப்பி நிறங்களும் அவ்வளவாகப் பொருந்தாது. புறங்கையில் தேய்த்துப் பார்த்து வாங்காமல் உதட்டில் போட்டுப் பாருங்கள்.

புடவை இன்னும் எடுக்கவில்லை என்றால் நல்லதாயிற்று. அரக்கு, குங்குமச் சிவப்பு, மயில் கழுத்து, பாட்டில் பச்சை, கத்திரிப்பூ எல்லாம் உங்கள்மேல் அற்புதமாக எடுத்துக் காட்டும். சந்தன நிறமும் வெளிர் பிங்க்கும் இப்போது பிரபலம், ஆனால் உங்கள் முகத்தை அவை தம்மோடு கரைத்துக்கொள்ளும். கடையில் புடவையைத் தோளில் போட்டுப் பார்க்கும்போது அதன் நிறம் தாடைக்கு அடியில் எப்படி விழுகிறது என்று கவனியுங்கள். வெளுத்த தோல் பக்கத்து நிறத்தை அப்படியே வாங்கிப் பிரதிபலிக்கும். பச்சை எடுத்தால் ரவிக்கையாவது சிவப்பில் இருக்கட்டும். கெம்புக் கல் வைத்த பழைய மாதிரி நகைகள், உதட்டில் அரக்கு, இந்தச் சேர்க்கையை எனக்காக ஒருமுறை முயன்று பாருங்கள்.

அத்தை சொல்கிற முடி விஷயத்துக்கு வருகிறேன். கறுப்பு டை அடித்தால் முகத்துக்கும் முடிக்கும் இடையே திடீரென்று ஒரு கறுப்புச் சட்டம் விழும், உச்சந்தலையின் வெள்ளை வகிட்டில் இன்னும் அதிகமாகத் தெரியும். சில வாரத்தில் வேரில் வெள்ளை எட்டிப் பார்க்கும், அப்புறம் ஓயாத வேலை. தோலும் சட்டென்று எரிச்சல் காட்டக்கூடும். நீங்களே ஆசைப்பட்டால் அடித்துக்கொள்ளுங்கள், அது உங்கள் உரிமை. அப்போதும் 48 மணி நேரம் முன்பே காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவிச் சோதித்துப் பார்த்துவிட்டு, கறுப்புக்குப் பதில் வெளிர் பழுப்பாக அடியுங்கள். பிறருக்காக என்றால் வேண்டாம். அத்தையின் கவலை அநேகமாக ஜடை பற்றியது. கறுப்புச் சவுரி வைத்துப் பின்னினால் பாதியில் நிறம் மாறி நன்றாக இருக்காது என்பது உண்மைதான். அதற்குப் பூ ஜடை இருக்கிறது. மல்லிகையும் ரோஜாவும் வைத்து முழு ஜடையையும் மூடித் தைத்துவிட்டால் உள்ளே என்ன சவுரி என்று யாருக்கும் தெரியாது. ரிசப்ஷனுக்குச் சவுரி இல்லாமல் தளர்வான கொண்டை போட்டு, சுற்றிலும் அடர் சிவப்பு ரோஜா வையுங்கள். அந்த வெள்ளை முடியில் சிவப்பு ரோஜா எடுத்துக் காட்டுவது போல வேறு எந்த முடியிலும் காட்டாது.

முடி சம்பந்தமாக யாரும் யோசிக்காத ஒன்று உண்டு. தாலி கட்டிய பிறகு வகிட்டில் குங்குமம் வைப்பார்கள். வெள்ளை முடியில் சாயக் குங்குமம் பட்டால் இளஞ்சிவப்பாகக் கறை பிடித்து, பல தடவை அலசினாலும் நிற்கும். மேடைக்குப் போகும் முன் வகிட்டின் இரு ஓரத்து முடியிலும் வாஸலின் துளி தடவிவிடச் சொல்லுங்கள். குங்குமம் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்த்துச் செய்ததாக இருந்தால் தோலுக்கும் நல்லது. ஆனாலும் முதல் நாளே முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் வைத்துப் பார்த்துவிடுங்கள்.

நலங்கு மஞ்சள் உங்களிடம் ஆழமாகப் பிடிக்கும். கல்யாணத்துக்கு முதல் நாள் மாலை வைத்தால் காலையில் முகத்தில் மஞ்சள் படிந்திருக்கும், எந்த ஃபவுண்டேஷனும் அதை மறைக்காது. மூன்று நாள் முன்னதாக வைக்கச் சொல்லுங்கள். முகத்தில் பெயருக்கு ஒரு பொட்டு, மீதி கை கால்களில். தண்ணீரில் மஞ்சள் போகாது, எண்ணெயில் கரையும். தேங்காய் எண்ணெய் தடவித் துணியால் துடைத்துவிட்டு அப்புறம் சோப்பு போடுங்கள். மொட்டை மாடி வெயிலில் பந்தல் இல்லாமல் நலங்கு வேண்டவே வேண்டாம். மருதாணி உங்களுக்கு வரம். கையில் ஒவ்வொரு கோடும் தனியாகத் தெரியும். ஆனால் 'பிளாக் மெஹந்தி' என்று விற்கிற கோன் பக்கம் போகாதீர்கள். அதில் பி.பி.டி. என்ற டை ரசாயனம் கலந்திருக்கலாம், கொப்புளம் வந்து தழும்பே நின்றுவிடலாம்.

போட்டோகிராபரிடம் தனியாகப் பேச வேண்டும். "மாப்பிள்ளை பக்கத்தில் ஒட்டாது" என்று உங்களைக் கறுப்பாக்கினார்களே, அது மேக்கப்காரர் தீர்க்க வேண்டிய பிரச்னையே இல்லை, கேமராவில் தீர்வது. உங்கள் முகத்தை வைத்து எக்ஸ்போஷர், அதாவது கேமராவுக்குள் போகிற வெளிச்சத்தின் அளவு, பார்க்கச் சொல்லுங்கள், பிறகு திருத்த வசதியான ரா ஃபைலில் எடுக்கட்டும். மாப்பிள்ளையின் முகத்தில் நிழல் கொஞ்சம் கூடினால் பிறகு ஏற்றிக்கொள்ளலாம். உங்கள் முகம் ஒருமுறை வெளிச்சத்தில் வெளுத்துப் போய்விட்டால் பிறகு எதையும் மீட்க முடியாது. வீடியோ லைட்டை நேருக்கு நேர் வைக்காமல் பக்கவாட்டில், வெள்ளைத் துணிக் குடையோ வெளிச்சத்தை மென்மையாக்கும் டிஃப்யூசரோ போட்டு வைக்கச் சொல்லுங்கள். "தலையை நேரா வைங்க" என்று அதட்டக் கூடாது என்பதும் இப்போதே அவருக்குத் தெரியட்டும், உங்கள் கண் எந்தக் கோணத்தில் அமைதியாக இருக்கிறதோ அதுதான் உங்கள் படத்துக்கும் கோணம். கண்ணாடி போடுகிற பழக்கம் இருந்தால் கல்யாணத்திலும் போட்டுக்கொள்ளுங்கள். ஃபிரேமுக்கு மேலே புருவம் தெரிகிற மாதிரி மட்டும் பார்த்துக்கொண்டால் போதும்.

இதற்கெல்லாம் மாதிரி வேண்டும் என்று பார்லரில் கேட்டால் தென்னாப்பிரிக்காவின் தாண்டோ ஹோப்பாவின் படங்களைக் காட்டுங்கள். உங்களைப் போல அல்பினிசம் உள்ளவர், வழக்கறிஞர், மாடல். 2019-ல் வோக் போர்ச்சுகல் இதழின் அட்டையில் வந்தார். நான்கைந்து படங்களைப் போனில் சேமித்துக்கொண்டு போனால் நீங்கள் அரை மணி நேரம் விளக்க வேண்டியதில்லை.

இனி, மேக்கப்பை விட முக்கியமான ஒன்று. கல்யாணம் நெருங்குகிறது என்று பிளீச், கெமிக்கல் பீல், டீ-டான், கோல்டு ஃபேஷியல் என்று எதையும் செய்துகொள்ளாதீர்கள். உங்கள் தோலிடம் வெயிலைத் தடுக்க மெலனின் என்ற குடை இல்லை. பீல் செய்தால் இருக்கிற கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் போகும். இந்த மாதமே தோல் மருத்துவர் ஒருவரைப் பார்த்து முகம், காது, கழுத்து, கை எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். ஆறாத புண், சொரசொரப்பாகத் தடித்த இடம், அடிக்கடி ரத்தம் கசியும் புள்ளி எதையும் ஃபவுண்டேஷன் போட்டு மறைத்துவிட்டு மறந்துவிடக் கூடாது. அல்பினிசம் உள்ளவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரும் வாய்ப்பு அதிகம், ஆரம்பத்திலேயே பார்த்தால் குணப்படுத்துவது எளிது. பயமுறுத்தச் சொல்லவில்லை. முகத்தை இவ்வளவு பக்கத்தில் பார்க்கிற தொழிலில் இருக்கிற நான் இதைச் சொல்லாமல் விடக் கூடாது.

சன்ஸ்கிரீன் எஸ்.பி.எஃப். 30-க்குக் குறையாமல், முடிந்தால் 50, வெயிலில் உள்ள யு.வி.ஏ., யு.வி.பி. கதிர்கள் இரண்டையும் தடுப்பது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நீளமாகப் பிதுக்கினால் வருகிற அளவு முகத்துக்கும் கழுத்துக்கும். காது மடலையும் விடாதீர்கள், எல்லோரும் மறக்கிற இடம் அது. ஃபவுண்டேஷனிலேயே எஸ்.பி.எஃப். இருக்கிறதே என்று நம்ப வேண்டாம், அந்த அளவுக்கு யாரும் ஃபவுண்டேஷன் பூசுவதில்லை. ஜிங்க் ஆக்ஸைடு உள்ள சன்ஸ்கிரீனை வெள்ளை படிகிறது என்று மற்றவர்கள் ஒதுக்குவார்கள். உங்கள் நிறத்தில் அது தெரியாது என்பதால் தினசரிக்குத் தாராளமாக வாங்கலாம். ஒரே இடத்தில்தான் கவனம் வேண்டும்: ஃபிளாஷ் அடிக்கும்போது சன்ஸ்கிரீனில் உள்ள ஜிங்க் ஆக்ஸைடும் டைட்டானியம் டை ஆக்ஸைடும் வெளிச்சத்தைத் திருப்பி அடித்து முகத்தைச் சமதளமாக்கும். மண்டபத்துக்குள் ஃபிளாஷில் எடுக்கப் போகிறார்கள் என்றால் அன்றைக்கு மட்டும் வெள்ளை படியாத ஜெல் வகை. வெளியே தோட்டத்தில் படம் எடுப்பது காலை எட்டு மணிக்குள்ளோ மாலை ஐந்துக்கு மேலோ மட்டும்.

அடுத்த டிரையலைக் கல்யாணத்துக்கு மூன்று வாரமாவது முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். மணப்புடவை நிறத்தில் ஏதாவது ஒரு துணியை மேலே போட்டுக்கொண்டு உட்காருங்கள். முடிந்ததும் ஜன்னல் ஓரத்தில் ஒன்று, ஃபிளாஷ் போட்டு ஒன்று, வீடியோ ஒன்று என்று போனில் எடுத்து, நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு முறை எடுத்து ஒப்பிடுங்கள். பிடிக்கவில்லை என்றால் அங்கேயே சொல்லுங்கள். முன்பணம் கொடுத்துவிட்டோமே என்று பேசாமல் வந்துவிடாதீர்கள்.

ஆபீஸுக்குப் போட்டுக்கொள்ள எளிதாகக் கேட்டீர்கள். முதலில் பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் கண்ணாடி ஒன்று வாங்குங்கள், லைட் இல்லாததாக. ஜன்னலுக்குப் பக்கவாட்டில் உட்கார்ந்தால் கூசாது. காலையில் சன்ஸ்கிரீன், பத்து நிமிடம் ஊறட்டும். ஃபவுண்டேஷனே வேண்டாம். நிறமுள்ள புருவ ஜெல்லை முன்னே பின்னே ஒரு சீவல், பழுப்பு மஸ்காரா மேலும் கீழும் ஒரு தடவல். அப்புறம் ரோஜா நிறக் கிரீம் ஒன்றை விரலில் தொட்டுச் சிரித்தால் மேடிடுகிற கன்னத்தில் தட்டி, மிச்சத்தை உதட்டில் ஒற்றிக்கொள்ளுங்கள். அதன் அடியில் எஸ்.பி.எஃப். உள்ள லிப் பாம். விரலால் போடுகிற பொருளாக வாங்கினால் கண்ணாடியில் துல்லியமாகத் தெரியாவிட்டாலும் கைக்குத் தெரியும், ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். மதியம் சாப்பிட வெளியே போவதாக இருந்தால் சன்ஸ்கிரீன் ஸ்டிக் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு மேலேயே தடவிக்கொள்ளலாம். வெளியே இருக்கும் வரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கூடவே குடை.

டிரையல் படங்களை அனுப்புங்கள். புருவத்தின் நிறத்தில் சந்தேகம் இருந்தால் புடவையின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அக்கா